எண்ணூறாவது சுற்று

எண்ணூறாவது சுற்றில் அவர் ஏதோ சொன்னார். நான் ‘ம்’ என்றேன்.

‘ம்’ மாதிரி ஒரு சொல் உலகத்தில் கிடையாது. பத்துக் கேள்வி கேட்டால் எட்டுக்கு அது பொருந்தும். மீதி இரண்டுக்குச் சிரித்து வைக்கலாம். இரண்டு வருஷமாக என் குடித்தனம் அந்த ஒற்றை எழுத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அன்றைக்குக் குனிந்திருந்தார், வாய் தெரியவில்லை. வாய் தெரிந்திருந்தால் பாதியாவது பிடித்திருப்பேன். நான் ‘ம்’ என்றதும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் கை சட்டென்று நின்றது. பிறகு மறுபடி சுற்றத் தொடங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பி போய்க்கொண்டிருந்தது. அது அறுந்தால் எண்ணூறும் வீண். எட்டாயிரம் சுற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் பரசுராமன் கீழ்பென்னாத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிறவர். முப்பது வருஷமாகக் கிணற்று மோட்டார், போர் மோட்டார் என்று ஊர்ப்பட்ட தண்ணீரெல்லாம் அவர் கைபட்டுத்தான் மேலே ஏறுகிறது. போன வருஷம் ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், பேசாமல் போன தன் எலக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு யார் யாரிடமோ அலைந்து, கடைசியில் இவர் கடைக்கு வந்து சேர்ந்தான். அதுவரைக்கும் இவர் கிடாரைத் தொட்டுக்கூடப் பார்த்தவர் இல்லை. திறந்து பார்த்தால், ஆறு கம்பிகளுக்கும் அடியில் சோப்பு டப்பா அளவுக்குக்கூட வராத ஒரு பெட்டி. உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றிக் காயில். மேலே கம்பி அதிர்ந்தால் அந்தக் காயிலில் கரண்ட் பிறந்து ஸ்பீக்கருக்குப் போகிறதாம். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கைவைக்காமல் இதைச் சொன்னார். “மோட்டார்ல கரண்ட் குடுத்தா ஆடுது. இதுல ஆட்டினா கரண்ட் வருது. அதே மாமியார்தான், வேற பொடவ.”

பையனுக்குக் காயில் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அனுப்புவதற்கு முன்னால் கிடாரைக் காலண்டர் தாளின் பின்பக்கம் படுக்க வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேய் பிடித்தால் வேப்பிலை அடிக்கலாம், கிடார் பிடித்தால் என்ன அடிப்பது. டவுனில் மரவாடிக்குப் போய்ப் பலாப்பலகை இரண்டு வாங்கி வந்தார். இடித்த வீட்டு வாசக்கால் ஒன்று விலைக்கு வந்தது, தேக்கு. அது கழுத்துக்கு ஆயிற்று. கம்பியும் அதை முறுக்கும் சாவியும் கூரியரில் வந்தன. வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டிக்கொண்டிருந்த கொட்டகையைக் கழுவி, பெஞ்சு போட்டு, பல்பு மாட்டினார். ஆறு மாதம் செவ்வாய்க்கிழமை தோறும், கடை லீவு நாளில், போனில் வீடியோ பார்ப்பதும் இழைப்பதும் உப்புத்தாள் போடுவதுமாக இருந்தார். வாசிக்கத் தெரியுமா என்றால் அதுவும் தெரியாது. ஐம்பத்தைந்து வயதில் இது என்ன ஆசை என்று எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. “பொம்பள பின்னாடி சுத்தல, குடிக்கல. மரத்த இழைக்கிறாரு, இழைக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினேன்.

காயில் சுற்றும் வேலைக்கு மட்டும் அவர் என்னைக் கூப்பிட்டார். அவர் விரல்கள் மோட்டார் கம்பிக்குப் பழகியவை. இந்தக் கம்பி அவர் கையில் நாலு முறை அறுந்துபோனது. நான் இருபது வருஷமாக மாவு மில் நடத்துகிறவள். மாவு நைசாக இருக்கிறதா, இன்னொரு ஓட்டம் விட வேண்டுமா என்பதை இரண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவேன். பழைய தையல் மெஷினின் சக்கரத்தில் அச்சைப் பொருத்தி அவர் சுற்ற, நான் கம்பியை விட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் ஒரு வேலை செய்து எவ்வளவோ நாளாயிற்று. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் பேசாமல் இருந்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். பேசினால் எனக்குப் பயம்.

காது விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் எனக்கே தெரியவில்லை, மில்தான் என்னை ஏமாற்றியது. மில் ஓடும்போது எனக்கு நன்றாகக் கேட்டது. “ராகி ரெண்டு கிலோ, நைசா வேணும்” என்று எட்டத்தில் நின்று யார் சொன்னாலும் கேட்டது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு போகும், ஸ்பீக்கர் அலறும், அன்றைக்கும் கேட்டது. மில்லை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தால்தான் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் நந்தினி போன் செய்தால், “கையெல்லாம் மாவுடி, அப்பாகிட்ட பேசு” என்று போனை நீட்டிவிடுவேன். கையில் மாவு இல்லாத நேரத்திலும் நீட்டியிருக்கிறேன். என் குரல் எனக்குள்ளேயே பெரிதாக ஒலித்ததால் பேச்சையும் மெதுவாக்கிக்கொண்டேன். பிறகு குறைத்துக்கொண்டேன்.

என் அம்மா பச்சையம்மாளுக்கு நாற்பது வயதிலேயே காது போய்விட்டது. தெருவே அவளிடம் கத்தித்தான் பேசும். அவளை எதிரில் வைத்துக்கொண்டே ‘செவிடன் காதில ஊதின சங்கு’ என்பார்கள், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதுகூடப் பரவாயில்லை. அப்பா அவளிடம் தண்ணி கொண்டா, மாட்டை அவிழ்த்துக் கட்டு, இதைத்தான் கத்திச் சொல்வார். கத்திச் சொல்லும் அளவுக்கு முக்கியமில்லாத எதுவும் அவள் காதுக்குப் போனதே இல்லை. வெயில் இன்றைக்கு ஜாஸ்தி என்று யார் மெனக்கெட்டுக் கத்துவார்கள்? அப்படியே இருபத்தைந்து வருஷம் இருந்து செத்துப்போனாள். நானும் அப்படி ஆகிவிடுவேன் என்பதுதான் என் பயம். இவர் என்னிடம் கத்த ஆரம்பிக்கும் நாள் வராமல் இருப்பதற்காகவே ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தேன்.

காயில் சுற்றி முடித்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்குத் த்ரீ பேஸ் கரண்ட் போய்விட்டது, இனி நாலு மணிக்குத்தான் மில். வீட்டு லைன் இருந்தது. அவர் கொட்டகை வாசலில் நின்று கையாட்டினார். உள்ளே போனேன். கிடார் முழுசாகப் பெஞ்சின் மேல் இருந்தது. பலா பழுத்த மஞ்சளில், பாலிஷ் போட்டு, பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. எங்கேயோ தீய்ந்துபோன மைக் செட் ஆம்ப்ளிஃபயரைச் சரி செய்து பெரிய பெட்டி ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார். என்னைக் கவிழ்த்த டிரம்மில் உட்கார வைத்தார். கிடாரை மடியில் எடுத்து வைத்து, குனிந்து, ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினார்.

கம்பிகள் நடுங்குவதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ஆறு மாத உழைப்பு, நானும் விரல் கொடுத்த காயில். சும்மா இருக்க முடியுமா?

“நல்லா இருக்குதுங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். இப்போது வாய் தெரிந்தது. “பொட்டி சத்தம் ஜாஸ்தியா இருக்குதா?”

“இல்ல, அளவாத்தான் இருக்குது. கணீர்னு இருக்குது.” கணீர் என்பதை உபரியாகச் சேர்த்தேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிடாரை மெதுவாகப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, எழுந்து வந்து, என் எதிரில் தரையில் குந்தினார். முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

“பொட்டியில சத்தமே வர்ல, உண்ணாமல.”

இப்போது கத்தப் போகிறார் என்று நினைத்தேன். தெருவுக்குத் தெரிந்துவிடும், நாளைக்கு மில்லுக்கு வருகிறவள் ஒவ்வொருத்தியும் என் முகத்துக்கு நேரே வாயைப் பிளப்பாள். அம்மா மாதிரி நானும் சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அவர் கத்தவில்லை. உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தார்.

“எத்தினி நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தவர், நடுவில் நினைவு வந்தவராக முகத்தை நிமிர்த்தி, முதலிலிருந்து சொன்னார். “அன்னைக்கு காயில் சுத்தும்போது உன்ன ஒண்ணு கேட்டேன். எம்மேல எதனா கோவமாக் கீறியான்னு. நீ ‘ம்’னுட்ட.”

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நந்தினி போனதுலேர்ந்து வூட்ல சத்தமே இல்ல. எது பேசினாலும் ‘ம்’. சொல்ற பேச்சக்கூட வாய்க்குள்ளயே சொல்ற. சரி, நாந்தான் உனக்குப் புடிக்காம பூட்டேன்னு இருந்துட்டேன். அன்னைக்கு நீயே ஆமான்னு சொன்னப்புறம் இன்னாத்த கேக்கறது?” கையை நீட்டிக் கிடாரைக் காட்டினார். “இது கூட அதுக்குத்தான். வூட்ல எதனா ஒரு சத்தம் இருக்கட்டுமேன்னு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர் மேல் தாங்க முடியாத பரிதாபம் வந்தது. எண்ணூறாவது சுற்றில் தன் பெண்டாட்டிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்ட மனுஷர், மீதி ஏழாயிரத்து இருநூறையும் சுற்றி முடித்திருக்கிறார். அழுதேன். அவர் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அதெல்லாம் மரத்தூள். கண் இன்னும் எரிந்தது.

அப்புறம்தான் காயிலில் மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை. என்ன ஆயிற்று என்று கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மோட்டார் காயில் கட்டினால் வார்னிஷில் முக்கி, இருநூறு வாட் பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்து வேக விட வேண்டும். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்திருக்கிறது. இரும்புக்கு அது சரி. இதில் காயிலைத் தாங்கும் அச்சு பிளாஸ்டிக். சூட்டில் அது அப்பளம் மாதிரி வளைந்து கம்பியை அறுத்திருக்கிறது. சுற்றியதும் மீட்டர் வைத்தவர், வார்னிஷ் போட்ட பிறகு வைக்கவில்லை. வார்னிஷ் போட்ட காயில் கெட்டு அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்றேன். முதல் முறையாகச் சிரித்தார்.

“அறுந்தவரைக்கும் நல்லதுதான். வேல செஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வருசம் ‘ம்’லயே ஓட்டிகினு இருந்திருப்ப.”

அந்த வாரமே டவுனில் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். சின்ன வயசுப் பெண். இரண்டு முனை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் காதருகில் பிடித்தாள். லேசாக ஏதோ இருந்தது போல இருந்தது, அவ்வளவுதான். அதே கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மண்டைக்குள் மணி அடித்தது.

காது நரம்பு நன்றாக இருக்கிறது, நடுவில் அரிசி அளவுக்கு ஒரு எலும்பு இறுகிப்போயிருக்கிறது, சத்தத்தை உள்ளே தள்ள மாட்டேன் என்கிறது என்று எழுதிக் காட்டினாள். மில்லில் மட்டும் கேட்கிறதே என்றேன். அவள் சிரித்தாள். மில் இரைச்சல் மற்றவர்கள் காதைத்தான் அடைக்கும், அதனால் கத்துவார்கள். உங்களுக்கு இரைச்சல் கேட்காது, கத்துவது மட்டும் கேட்கும். அம்மாவுக்கும் இருந்ததா என்று கேட்டாள். தலையாட்டினேன். அப்படியானால் அம்மாவுக்கும் எலும்பில் வைத்தால் கேட்டிருக்கும். யாரும் வைத்துப் பார்க்கவில்லை. ஆபரேஷன் இருக்கிறது, வேண்டாம் என்றால் மிஷின் இருக்கிறது, யோசித்து வாருங்கள் என்றாள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தோம்.

திரும்பும்போது வண்டியில் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பஞ்சராக்கும் என்று இறங்கினேன். அவர் வண்டியில் இருந்தபடியே திரும்பி என் முகத்தைப் பார்த்து, “எலும்புல வெச்சா கேக்குது, இல்ல?” என்றார். ஆமாம் என்றேன். மறுபடி வண்டியை எடுத்தார். அதை வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்காமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது காயிலுக்கு மறுபடி எட்டாயிரம் சுற்று. இந்த முறை ஆயிரத்துக்கு ஒரு தரம் சக்கரத்தை நிறுத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்த்தார். வார்னிஷ் டப்பாவை நானே தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டேன். மெழுகுவத்தியை உருக்கி அதில் முக்கினோம். மெழுகு ஆறியதும் மீட்டர் வைத்தார், மாட்டியதும் வைத்தார், கம்பி கட்டியதும் வைத்தார். சூடு கண்ட பூனை.

முள் அசைந்தது.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் கம்பியைத் தடவினார். பெட்டியின் மேல் வைத்திருந்த ஆணி டப்பா அதிர்ந்து நகர்ந்தது. கொல்லையில் நின்ற கோழி கொட்டகையை எட்டிப் பார்த்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, காத்திருந்தார்.

“கொஞ்சந்தாங்க கேக்குது. எங்கியோ பக்கத்து ஊர் திருவிழா மாதிரி கேக்குது” என்றேன். இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன முதல் நிஜம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் தலையாட்டினார். வயரைப் பிடுங்கி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். கிடாரை எடுத்து வந்து, என் தலைமுடியை ஒதுக்கி, அதன் வளைந்த விளிம்பை என் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். பலகை குளுகுளுவென்று இருந்தது. தடித்த கம்பியை மட்டும் ஒரு விரலால் சுண்டினார்.

அந்தச் சத்தம் எங்கிருந்தும் வந்த மாதிரி இல்லை. என் மண்டைக்குள் ஏற்கெனவே இருந்து, இப்போதுதான் அசைந்த மாதிரி இருந்தது. கனத்து, நிதானமாக, பல்வரைக்கும் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடங்கும் வரைக்கும் மூச்சு விடவில்லை. அவர் அடுத்த கம்பியைச் சுண்டினார். அடுத்ததை. ஆறும் தனித்தனியாக எனக்குக் கேட்டன. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசி தீர்ந்த மாதிரிதான் இருந்தது.

பிறகு உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்து அமர்த்தினார். கிடாரின் மறுபக்க விளிம்புக்குக் குனிந்து தன் தாடையை அதன் மேல் ஊன்றினார். இப்போது எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நடுவில் அந்தப் பலாப்பலகை. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, நரைத்த உச்சித்தலை மட்டும் தெரிந்தது. ஏதோ சொல்லப் போகிறார். ஆபரேஷன் பண்ணிக்கோ என்பார், இல்லை, கல்யாணம் ஆன புதிதில் சொன்ன மாதிரி ஏதாவது சொல்வார் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டேன்.

முதலில் எலும்பில் குறுகுறுவென்றது. அப்புறம் அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. கத்தாத குரல். மரத்துக்குள்ளிருந்து வருவதால் கொஞ்சம் மூக்கடைத்தாற்போல, ஆனால் அவர் குரலேதான்.

“நேத்து ரசத்துல உப்பு கம்மி.”

கண் நிறைந்துவிட்டது. கொட்டகை வாசல் வழியாக மில் தெரிந்தது. த்ரீ பேஸ் வந்துவிட்டது, சிவப்பு லைட் எரிந்தது. மில் வாசலில் யாரோ ஒரு பொம்பளை தலையில் அரிசி டப்பாவோடு நின்று, வாயைத் திறந்து மூடி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் பலகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“அப்புறம்?” என்றேன்.

அவர் தாடை மரத்தில் மறுபடி அசைந்தது.